நாவூ மகளிரின் மினிட் புத்தகம்: ஜோசஃப் ஸ்மித் பேப்பர்ஸ் இணையக் காப்பகம் குறித்து ஒரு மதிப்புரை

சங்கங்களின் மினிட் புத்தகத்தை வாசிப்பது பொதுவாகச் சலிப்பூட்டும் வேலை. தலைவர் பேசினார், செயலாளர் வாசித்தார், இன்னார் இவ்வளவு நன்கொடை தந்தார், கூட்டம் இனிதே நிறைவுற்றது என்ற அளவில் பக்கங்கள் நகர்ந்துவிடும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் மார்மன்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் எழுப்பிய நாவூ என்ற ஊரின் மகளிர் சங்கம் 1842 மார்ச் 17 முதல் 1844 மார்ச் 16 வரை நடத்திய கூட்டங்களின் குறிப்பேடும் முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கூட்டங்களில் அமர்ந்திருந்த பெண்களில் யார் எதை அறிந்திருந்தார், யார் எதை மறைத்துக்கொண்டிருந்தார், யாரிடமிருந்து மறைத்தார் என்பவற்றைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை வாசித்தால், அதே வரிகள் வேறு பொருள் தரத் தொடங்குகின்றன. அந்த இரண்டாம் வாசிப்புக்கு வேண்டிய ஆவணங்களில் பெரும்பகுதியை ஓரிடத்தில் கட்டணமின்றித் தருவது ஜோசஃப் ஸ்மித் பேப்பர்ஸ் என்னும் இணையக் காப்பகம். மார்மன் வரலாற்றில் தனிப்பட்ட ஈடுபாடு எதுவும் இல்லாமல், பழைய ஆவணங்களின் மீதுள்ள ஆசையால் மட்டுமே உள்ளே நுழைந்த ஒரு வாசகன் என்ற நிலையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மார்மன் சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித் எழுதிய, சொல்லி எழுதச் செய்த, அவருடைய மேற்பார்வையில் உருவான ஆவணங்கள் அனைத்தையும் பதிப்பிக்கும் திட்டம் இது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் வரலாற்றுத் துறை இதை நடத்துகிறது. 2008இல் முதல் தொகுதி அச்சில் வந்தது. 2023இல் 27 தொகுதிகளுடன் அச்சுப் பதிப்பு நிறைவு பெற்றது. இணையத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூலப் பக்கத்தின் ஒளிப்படம் ஒருபுறமும் எழுத்துக்கு எழுத்து பெயர்த்தெழுதிய பாடம் மறுபுறமும் இருக்கின்றன. எழுதியவர் அடித்த சொல், வரிக்கு மேல் செருகிய சொல், எழுத்துப் பிழை எதையும் பதிப்பாசிரியர்கள் திருத்தவில்லை. அந்தக் குறியீடுகள் கண்ணை உறுத்தினால் அவற்றை மறைத்துவிட்டு நேராக வாசிக்கவும் வழி உண்டு. அதற்கு மேல் ஆவணத்தின் பின்னணியை விளக்கும் முன்னுரை, அடிக்குறிப்புகள், ஆட்களின் வாழ்க்கைக் குறிப்புகள், இடங்களைப் பற்றிய விளக்கங்கள் ஆகியவை சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காட்டும் பதிப்பு முறையை மதிக்கும் எவருக்கும் இந்த அமைப்பு மனநிறைவு தரும்.

முதல் கூட்டத்தின் பக்கங்களிலிருந்தே தொடங்கலாம். ஜோசஃப் ஸ்மித்தின் செங்கல் கடையின் மாடி அறை அது. அதே அறையில்தான் அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் அவர் இரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் சகோதரச் சங்கத்தில் சேர்க்கப்பட்டிருந்தார். இரகசியக் காப்புப் பிரமாணங்களின் வாடை இன்னும் கலையாத அறை என்றே சொல்லலாம். கோயில் கட்டும் தொழிலாளர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாம் என்று சாரா கிம்பால் என்ற இளம்பெண்ணுக்கும் அவருடைய தையற்காரி மார்கரெட் குக்குக்கும் எழுந்த எண்ணமே சங்கத்தின் விதை. கவிஞர் எலைசா ஸ்நோ சங்கத்துக்கு விதிமுறைகள் எழுதிக் கொடுத்தார். அவற்றைப் பாராட்டிய ஜோசஃப், இதைவிடச் சிறந்த ஒன்றைத் தருவதாகச் சொல்லிப் பெண்களை இந்த அறைக்கு அழைத்தார். வந்தவர்கள் இருபது பேர். அவருடைய மனைவி எம்மா தலைவராகவும், சாரா கிளீவ்லாந்தும் எலிசபெத் ஆன் விட்னியும் ஆலோசகர்களாகவும், எலைசா செயலாளராகவும், எல்வைரா கோல்ஸ் பொருளாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சங்கத்தின் பெயரில் தர்மம் என்ற பொருள்தரும் சொல் வேண்டுமா, நிவாரணம் என்ற பொருள்தரும் சொல் வேண்டுமா என்று ஆண்களோடு எம்மா வாதிட்டு வென்றதும், நாம் அசாதாரணமான ஒன்றைச் செய்யப் போகிறோம் என்று அவர் சொன்னதும், ஜோசஃப் ஐந்து டாலர் தங்க நாணயத்தை நன்கொடையாக வைத்ததும் எலைசாவின் தெளிவான கையெழுத்தில் பதிவாகியிருக்கின்றன.

இருபது பெயர்களைக் கொண்ட அந்தப் பட்டியலில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். சாரா கிம்பாலிடம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஜோசஃப் பலதார மணக் கோட்பாட்டை எடுத்துச் சொன்னதாகவும், அதை வேறு யாருக்காவது போதியுங்கள் என்று தாம் மறுத்துவிட்டதாகவும் அவரே பிற்காலத்தில் வாக்குமூலம் தந்தார். நான்சி ரிக்டன், சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரான சிட்னி ரிக்டனின் மகள். சில வாரங்களுக்குள் ஜோசஃப் தம்மை மணக்கும்படி கேட்க, அவரும் மறுத்தார். குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்த எலைசா அதே ஆண்டு ஜூன் 29 அன்று ஜோசஃபுக்கு இரகசியமாக மனைவியானார். பொருளாளர் எல்வைராவும், பட்டியலில் உள்ள டெஸ்டிமோனா ஃபுல்மரும் மறு ஆண்டில் அதே வழியில் சேர்ந்தனர். ஆக, தலைவரின் கணவர் அழைத்த கூட்டத்தில், தலைவரைத் தவிர, அவருக்கு மனைவியாகப் போகிறவர்களும் மறுத்தவர்களும் மறுக்கப் போகிறவர்களும் ஒரே அறையில் அமர்ந்திருந்தனர். இதில் ஒரு சொல்லைக்கூட அந்தப் பக்கம் சொல்லாது, சொல்லவும் முடியாது.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 24இல் நடந்த இரண்டாம் கூட்டத்திலேயே எம்மா ஒரு வதந்தியைப் பேசவேண்டியிருந்தது. ஜோசஃபைப் பற்றி கிளாரிசா மார்வெல் என்ற பெண் அவதூறு பரப்புவதாகக் குற்றச்சாட்டு எழ, அதை விசாரிக்கச் சங்கம் முடிவு செய்கிறது. கிளாரிசா ஏறத்தாழ ஓராண்டு தங்கியிருந்தது ஜோசஃபின் மறைந்த தம்பி டான் கார்லோஸின் விதவை ஆக்னஸின் வீட்டில். அந்த ஆக்னஸை ஜோசஃப் அவ்வாண்டு ஜனவரியிலேயே இரகசியமாக மணந்துகொண்டிருந்தார் என்று பிற்காலச் சான்றுகள் காட்டுகின்றன. ஏப்ரல் 2ஆம் தேதி கிளாரிசா, அவ்விருவரின் நடத்தையிலும் பேச்சிலும் தகாதது எதையும் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்ற வாக்குமூலத்துக்கு, எழுதத் தெரியாதவர்கள் இடும் குறியை இடுகிறார். அந்த வீட்டுக்குள்ளேயே தங்கியிருந்த ஒரு பெண் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்புண்டு என்று அன்று விசாரித்தவர்களில் எத்தனை பேர் நினைத்தனரோ, அது பதிவில் இல்லை. இந்த இடத்தில் மூலத்தை மட்டும் வாசிப்பவருக்கு ஒரு அவதூறு வழக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். அடிக்குறிப்புகளைப் பின்தொடர்பவருக்கே வழக்கு தொடங்கும்.

மே 26ஆம் தேதிக் கூட்டம்தான் என் பார்வையில் இந்தக் குறிப்பேட்டின் உச்சம். அதற்குச் சற்று முன்பு, ஊரின் மேயராக இருந்த ஜான் பென்னட், பல பெண்களை இரகசிய உறவுக்கு இழுத்த குற்றத்துக்காகச் சபையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். இப்படிப்பட்ட உறவுகளுக்குச் சபைத் தலைவரின் ஒப்புதல் உண்டு என்று சொல்லியே பெண்களை நம்பவைத்தார் என்பதால் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. பெண்கள் நடுவே பேசவந்த ஜோசஃப், கருணையோடு இருங்கள், நாவுக்கு இரட்டைக் காவல் போடுங்கள், சிறிய பேச்சும் உலகையே பற்றவைத்துவிடும் என்று அறிவுரை கூறுகிறார். அவர் முடித்த பின் எம்மா எழுந்து, வீண்பேச்சை விடவேண்டியதுதான், ஆனாலும் பாவத்தை மூடி மறைக்கலாகாது, அதிலும் கடவுளின் சட்டத்துக்கும் நாட்டின் சட்டத்துக்கும் எதிரான பாவத்தை மறைக்கவே கூடாது என்கிறார். கணவனும் மனைவியும் ஒரே கூட்டத்தில், மரியாதை சற்றும் குறையாமல், ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எலைசா இருவரின் பேச்சையும் சமமான நிதானத்தோடு எழுதிக்கொள்கிறார்; அவருடைய சொந்தத் திருமணத்துக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருந்தன.

இந்தக் காப்பகத்தின் உண்மையான வலிமை குறிப்பேட்டுக்கு வெளியே, அதே மாதங்களைச் சேர்ந்த மற்ற ஆவணங்களை உடனே எடுத்துப் பார்க்க முடிவதில் இருக்கிறது. 1842 ஜூலை 27 அன்று, எம்மாவின் ஆலோசகரான எலிசபெத் ஆன் விட்னியின் பதினேழு வயது மகள் சாரா ஆன், பெற்றோரின் சம்மதத்துடன் ஜோசஃபுக்கு மணமுடித்து வைக்கப்பட்டார். சடங்கை நடத்தியவர் தந்தை நியூவல் விட்னி. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டு 18இல், மிசூரி அதிகாரிகளுக்கு அஞ்சித் தலைமறைவாக இருந்த ஜோசஃப் இந்த மூவருக்கும் ஒரு கடிதம் எழுதுகிறார். இரவில் வந்து தம்மைப் பார்க்கும்படி அழைக்கிறார். எம்மா வரும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள், அவள் இல்லாதபோது வருவதே பாதுகாப்பு என்கிறார். வாசித்ததும் கடிதத்தை எரித்துவிடுங்கள் என்றும் எச்சரிக்கிறார். விட்னி குடும்பத்தார் எரிக்கவில்லை. எரிக்கச் சொன்ன அந்தக் கடிதத்தை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதைவிட இச்சேவைக்கு வேறு விளம்பரம் தேவையில்லை. சங்கக் கூட்டத்தில் எம்மாவுக்கு அருகில் இருக்கையிட்டு அமரும் ஆலோசகருக்கு, எம்மா இல்லாத நேரம் பார்த்து வரச்சொல்லி எழுதப்பட்ட கடிதம் அது என்பதை மறந்துவிடாமல் குறிப்பேட்டுக்குத் திரும்பவேண்டும்.

அதே வரிசையில் வருவது, நாவூவின் சபைப் பத்திரிகையில் 1842 அக்டோபர் 1 அன்று வெளியான சான்றிதழ். அதற்குள் பென்னட் வெளியூர்ப் பத்திரிகைகளில் நாவூவின் இரகசியங்களை எழுதித் தள்ளியிருந்தார். அதற்கு மறுப்பாகப் பன்னிரண்டு ஆண்களும் மகளிர் சங்கத்தின் பத்தொன்பது பெண்களும் கையொப்பமிட்டு, சபையின் நூலில் அச்சிட்டுள்ள ஒருவனுக்கு ஒருத்தி என்ற திருமண முறையைத் தவிர வேறு எந்த முறையும் சபையில் நடைமுறையில் இருப்பதாகத் தாங்கள் அறியவில்லை என்றும், இரகசிய மனைவி முறை என்பது பென்னட்டின் சொந்தத் தயாரிப்பு என்றும் அறிவித்தனர். பெண்களின் வரிசையில் முதலில் எம்மா, பின்னர் எலிசபெத் ஆன் விட்னி, சாரா கிளீவ்லாந்து, எலைசா. அப்போது எலைசாவுக்கு மணமாகி மூன்று மாதம்; எலிசபெத் ஆனின் மகளுக்கு இரண்டு மாதம். எம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதத்துக்குரியதே. தாங்கள் மறுத்தது பென்னட்டின் முறையை மட்டுமே, அதில் பொய் எதுவும் இல்லை என்று எலைசா பல ஆண்டுகள் கழித்து விளக்கம் தந்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அந்த விளக்கம் முழுவதும் தவறென்று தள்ளிவிட முடியாதபடி சான்றிதழ் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நாவூவின் ஏனைய பெண்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று கையொப்பமிட்டவர்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை என்பதே என் எண்ணம்.

பதிப்பாசிரியர்கள் இந்த இடங்களில் நழுவிவிடவில்லை என்பதைப் பாராட்டாகவே பதிவு செய்யவேண்டும். காப்பகத்தை நடத்துவது, அந்த இரகசியத்தைக் காத்தவர்களின் வழிவந்த சபையேதான் என்பதால் வாசகருக்கு ஐயம் எழுவது இயல்பு. எனக்கும் இருந்தது. ஆனால் 2014இல் அந்தச் சபையே வெளியிட்ட கட்டுரை, ஜோசஃபுக்கு மனைவியரானவர்கள் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் இருக்கலாம் என்ற மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது. காப்பகத்தின் குறிப்புகளும் அந்த வெளிப்படைத்தன்மையை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன. அதைவிட முக்கியமாக, பதிப்பாசிரியர் சொல்வதை நம்பவேண்டிய கட்டாயம் வாசகருக்கு இல்லை. ஒளிப்படம் கண்ணெதிரே இருக்கிறது. இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டில் தெளிவாகக் காணலாம். 1842 ஏப்ரல் 28 அன்று பெண்களிடம் பேசிய ஜோசஃப், கடவுளின் பெயரால் சாவியை உங்களிடம் திருப்புகிறேன் என்று சொன்னதாக எலைசாவின் கையெழுத்து காட்டுகிறது. மார்மன்கள் பின்னர் குடியேறிய யூட்டாவில் 1850களில் சபையின் வரலாற்றைத் தொகுத்தவர்கள் அதை, உங்கள் சார்பாகச் சாவியைத் திருப்புகிறேன் என்று மாற்றிவிட்டனர். சாவி பெண்களிடம் வந்ததா, அல்லது வேறொருவர் கையில் இருந்தபடியே அவர்களுக்காகத் திரும்பியதா என்பது சிறிய வேறுபாடு அன்று. சபையில் பெண்களுக்கு எந்த அளவுக்கு அதிகாரம் தரப்பட்டது என்ற விவாதம் முழுவதும் அந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருக்கிறது. அச்சிட்ட வரலாற்றை மட்டும் வாசித்த தலைமுறைகளுக்கு இந்தப் பாடபேதம் கண்ணில் பட்டிருக்க வழியில்லை.

இனி இச்சேவையின் எல்லைகள். இது ஜோசஃப் ஸ்மித்தின் ஆவணங்களுக்கான காப்பகம். பெண்களின் எழுத்து அவரைத் தொடும் இடத்தில் மட்டுமே உள்ளே வருகிறது. 1844 ஜூன் 27இல் கார்த்தேஜ் சிறையில் அவர் கொல்லப்பட்டதோடு கதை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பெண்கள் தங்கள் இரகசியத் திருமணங்களைப் பற்றி வாய் திறந்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்ததே 1852 ஆகஸ்டில்தான். மனைவியரின் உறுதிமொழி வாக்குமூலங்கள் திரட்டப்பட்டது 1869இல். தம் கணவர் வேறு யாரையும் மணக்கவில்லை என்று எம்மா தம் இறுதி நாட்களில் மகனிடம் சொன்னது 1879இல் அச்சில் வந்தபோது, அதை மறுத்து எழுதிய எலைசா, ஜோசஃப் ஸ்மித்தின் மனைவி என்றே கையொப்பமிட்டார். முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் எம்மாவின் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுதிய அதே கை. இந்தப் பிற்பகுதிக்கு, அதே வரலாற்றுத் துறையின் பதிப்பகம் வெளியிட்டு இணையத்திலும் இலவசமாக வைத்திருக்கும் மகளிர் சங்கத்தின் முதல் ஐம்பது ஆண்டு ஆவணத் தொகுப்பையும், எம்மலைன் வெல்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியரின் நாட்குறிப்புகளையும் நாடவேண்டும். அவற்றுக்குத் தனி மதிப்புரையே எழுதலாம்.

அடுத்த எல்லை, உறவுகளைத் தேடிக் கோப்பதெல்லாம் வாசகரின் வேலையாக விடப்பட்டிருப்பது. ஓர் ஆவணத்தை அதன் தேதியில் நிறுத்தி விளக்குவதே இத்தகைய பதிப்பின் ஒழுக்கம் என்பதை ஏற்கிறேன். ஆனாலும், மேலே நான் கோத்துக்காட்டிய கூட்டம், கடிதம், சான்றிதழ் ஆகிய மூன்றும் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. எதைத் தேடுகிறோம் என்று முன்பே அறிந்திருப்பவருக்கே அவை ஒன்றோடொன்று பேசும். ஆங்கிலத்தில் நல்ல பயிற்சியும், பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துமுறையின் சுருக்கக் குறிகளைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும். கைப்பேசியைவிடப் பெரிய திரையே இந்த வாசிப்புக்கு ஏற்றது. ஒளிப்படத்தையும் பாடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியே இதன் உயிர் என்பதால், அதை இழந்தால் பாதிப் பயன் போய்விடும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை அவசரமாகக் கடந்துவிட வேண்டாம். 1844க்குள் சங்கத்தில் சேர்ந்தவர்கள் 1,300க்கும் மேல். அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் கூட முடியாததால் அந்த மார்ச் 9, 16 ஆகிய நாட்களில் நாளுக்கு இரண்டு முறை கூட்டம் நடத்தி, ஆன்மிக மனைவி முறை என்ற பெயரில் நடந்த இரகசிய உறவுகளைக் கண்டிக்கும் அறிக்கை ஒன்றை எம்மா எல்லோர் முன்னும் வாசிக்கச் செய்து ஒப்புதல் பெற்றார். அவருடைய கணவரே ஏற்ற அறிக்கை என்பதால் யாரும் அதை எதிர்க்க முடியாது. அதன் சொற்களோ அவருடைய கணவரையே சுட்டின. பலதார மணம் பற்றிக் கடவுள் தமக்கு அருளியதாக ஜோசஃப் சொன்ன வெளிப்பாடு முந்தைய ஆண்டு ஜூலை 12 அன்றே எழுத்தில் வந்துவிட்டதால், இம்முறை எம்மா தெரிந்தே செய்தார் என்பதில் ஐயமில்லை. பூமியில் அதிகாரம் என்று ஒன்று இருந்திருக்குமானால் அது தம்மிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது என்று அவர் கடைசிக் கூட்டத்தில் சொன்னதாகப் பதிவு உள்ளது. அதன் பிறகு நாவூவில் சங்கம் கூடவில்லை. மறு ஆண்டு, ஜோசஃபுக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகம் யங், பெண்கள் அப்படிக் கூடுவதையே கடுமையாகக் கண்டித்துச் சங்கத்தை நிறுத்திவைத்தார். எம்மா நாவூவிலேயே தங்கிவிட்டார். குறிப்பேட்டைப் பெட்டியில் வைத்து மேற்கே யூட்டாவுக்குக் கொண்டுபோனவர் எலைசா. 1868இல் சங்கத்தை மீண்டும் ஊர் ஊராக அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அதிலிருந்தே பெண்களுக்கு வாசித்துக்காட்டினார்.

புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு யோசனை. முகப்புப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினால் ஆவணக் கடலில் திசை தெரியாது. 1842 மார்ச் 17 கூட்டத்தின் பெயர்ப்பட்டியலை ஒரு சன்னலில் திறந்துகொண்டு, அக்டோபர் 1 சான்றிதழின் பெயர்ப்பட்டியலை மற்றொன்றில் வைத்து, இரண்டிலும் வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரின் வாழ்க்கைக் குறிப்பையும் பார்த்த பிறகு மே 26ஆம் தேதிக்குப் போங்கள். எனக்கு அது இரண்டு மாலை வேளைகள் பிடித்தது.